பையில வைங்க அந்தப் பல்லாங்குழிய!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போற பையில பொழுதுபோக்குச் சாமானுக்கு இடம் உண்டா இல்லையா? உண்டுன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அக்கா ஒரு பட்டியல் படிச்சாங்க. பழைய வேட்டித்துணி, நைட்டி, ஃபிளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட், கர்ப்பத்தைப் பதிஞ்சதுக்கு அரசு குடுத்த பிக்மி நம்பர் எழுதின சீட்டு. அத்தனையும் சரி. அதுல ஒண்ணையும் நான் வெளிய எடுக்கச் சொல்லல. எல்லாத்தையும் வச்ச பிறகு ஓரத்துல ஒரு சாண் இடம் மிச்சமிருக்கும் பாருங்க, அந்த ஒரு சாணுக்குத்தான் இந்த வழக்கு.

அடுத்து வந்த அண்ணன் கேட்டாரு: "நீங்க போறது பிரசவம் பாக்கவா, படம் பாக்கவா?" கைதட்டுனீங்க. அண்ணே, வலின்னா சினிமால வர்ற மாதிரி ரெண்டு கத்து, அப்புறம் குழந்தை அழுகுற சத்தம்னு நினைச்சுட்டீங்களா? உலக சுகாதார நிறுவனம் 2018ல சொல்லியிருக்கு. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே, தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரைக்கும் ஆகலாமாம். அந்த 5 சென்டிமீட்டர் வர்றதுக்கு எவ்வளவு நேரம்? அதுக்கு வரையறையே இல்லைன்னுட்டாங்க. ராத்திரி பூரா ஆகும், ஒரு பகலும் சேர்ந்து போகும். அந்த நேரத்துல ஒரு பொண்ணு எதைப் பாத்துக்கிட்டு இருப்பா? மேல சுத்துற ஃபேனைத்தான்.

நான் பாத்திருக்கேன். 2016, எங்க ஊர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி, எனக்குத் தலைப்பிரசவம். துணைக்கு வந்தது எங்க அம்மாயி. வார்டுக்குள்ள ஆம்பளைங்களை விடமாட்டாங்க. பைய அவிழ்த்தா, துணிக்கு அடியில மடக்குற பல்லாங்குழி! கூடவே ஒரு சுருக்குப் பையில புளியங்கொட்டை. குழிக்கு 5, 14 குழி, 70 கொட்டை. எண்ணித்தான் கொண்டுவந்திருந்தாங்க.

கட்டில்லயே சம்மணம் போட்டு ஆடுனோம். வலி வந்தா என் கை நிக்கும். அம்மாயி ஒண்ணும் சொல்லாது, முதுகை நீவி விடும். வலி போனதும் விட்ட குழியில இருந்து தொடங்குவோம்.

பல்லாங்குழி ஆடுனவங்களுக்குத் தெரியும், குழியில நாலு சேர்ந்தா அதுக்குப் பேரு பசு. பசு விழுந்தா அள்ளிக்கலாம். ராத்திரி ரெண்டு மணி. அம்மாயிக்குத் தொடர்ந்து பசுவா விழுது. அதுக்குக் காதும் கொஞ்சம் மந்தம், அதனால குரல் பெருசு. "பசு!" இன்னொரு சுத்து. "பசு!" அடுத்த அறையில இருந்து டியூட்டி டாக்டரம்மா எழுந்து ஓடி வர்றாங்க. சின்ன வயசு, கண்ணெல்லாம் தூக்கம். "யாருக்கு? யாருக்குப் பசி? இந்நேரத்துல பசின்னா பால் வாங்கிக் குடுங்கம்மா!"

அம்மாயி நிமிந்து பாத்துச்சு. "பசுவே என்கிட்ட நிக்குது தாயி, பாலை எதுக்கு விலைக்கு வாங்கணும்?"

பின்வரிசையில கேக்கலையா? இன்னொரு தடவை சொல்றேன். டாக்டர் கேட்டது பசிக்கு. அம்மாயி சொன்னது பசுவுக்கு. நடுவுல பால்! மொத்த வார்டும் சிரிச்சுது. வலியில கிடந்தவங்களும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. டாக்டரம்மா திட்டல. குனிஞ்சு பலகையைப் பாத்துட்டு என் காதுல சொன்னாங்க: "அந்தக் கடைசிக் குழியில இருந்து எடு, உனக்குப் பசு விழும்." விழுந்துச்சு! பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு, வந்ததுல இருந்து வாயே திறக்காதவ, அவளும் சிரிச்சா. அவகிட்ட அப்புறம் வர்றேன்.

பொழுது விடியிற நேரம் நர்ஸ் வந்து கேட்டாங்க, "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி வருது?" அம்மாயிகிட்ட கடிகாரம் இல்ல. "முதல்ல ஒரு ஆட்டத்துக்கு ஒரு வலி. இப்ப ரெண்டு கை போடுறதுக்குள்ள ஒண்ணு வந்துருது." நர்ஸ் கடிகாரத்தைப் பிடிச்சுப் பாத்துட்டு, சரியாத்தான் சொல்றீங்கன்னாங்க. விளையாட்டுப் பலகை விளையாட்டுக்கு மட்டுமா இருந்துச்சு?

இப்ப அண்ணன் சொன்ன ரெண்டாவது விஷயம். "மலைக்கோட்டையில தாயுமானவர் பிரசவம் பாக்க வந்தப்ப வெறுங்கையோடதான வந்தாரு?" அண்ணே, திருச்சியில நின்னுக்கிட்டு அந்தக் கதையைப் பாதியில நிறுத்தலாமா? தலபுராணத்தை முழுசாச் சொல்லுங்க. ரத்னாவதிக்கு மாசம் நிறைஞ்சாச்சு. அம்மா பூம்புகார்ல இருந்து வரணும். காவிரியில வெள்ளம். அக்கரையில தாய் நிக்கிறா, இக்கரையில மக துடிக்கிறா. சாமி வந்தாரு. எந்த உருவத்துல வந்தாரு? பிரசவம் பாக்க மட்டும்னா மருத்துவச்சி உருவம் போதுமே! எதுக்கு அந்தப் பொண்ணோட அம்மா உருவம்? தெரிஞ்ச முகம் வேணும், தெரிஞ்ச குரல் வேணும். குழந்தை பிறந்ததும் கிளம்பிட்டாரா? வெள்ளம் வடிஞ்சு உண்மையான அம்மா வந்து சேர்ற வரைக்கும் கூடவே இருந்தாரு. அத்தனை நாளும் பேசாமலா இருந்திருப்பாரு? ஒரு கதை சொல்லியிருக்க மாட்டாரா? ஒரு தாலாட்டு பாடியிருக்க மாட்டாரா? வெறுங்கைன்னு சொல்லாதீங்கண்ணே. அவ மனசு எதுல ஆறுமோ அதைத்தான் கொண்டுவந்தாரு. இன்னைக்கும் வாழைத்தார் சுமந்து அந்த மலை ஏறுற ஒவ்வொரு பொண்ணுக்கும் அது தெரியும்.

இன்னொண்ணும் கேளுங்க. 2015ல அரசு ஆஸ்பத்திரியில பிறந்த குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் குடுக்க ஆரம்பிச்சாங்க. 16 பொருள். என் மகனுக்கும் கிடைச்சுது. கொசுவலை, நகவெட்டி, எண்ணெய், சோப்பு, எனக்கு லேகியம். அதுல ஒரு கிலுகிலுப்பையும் இருந்துச்சு! ரெண்டு நாள் குழந்தைக்கு அதைப் பிடிக்கக் கையில பலம் இருக்கா? இருந்தும் யாரோ ஒருத்தர் யோசிச்சு வச்சிருக்காங்க. குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை உண்டுன்னா தாய்க்கும் ஒண்ணு வேணுமில்ல? ஆபரேஷன்னா ஒரு வாரம் வரைக்கும் அங்கயே கிடக்கணுமே அவ!

அந்தப் பக்கத்துக் கட்டில் பொண்ணு. இருபது வயசு இருக்கும். விரும்புனவனைக் கட்டிக்கிட்டு வந்தவ. சாதி வேற. பிறந்த வீட்டுல இருந்து யாரும் வரல. புருஷன் கேட்டுக்கு வெளிய மரத்தடியில. கொண்டுவந்து விட்ட பக்கத்து வீட்டு அம்மாவும் இருட்டுறதுக்குள்ள கிளம்பிட்டாங்க. அன்னைக்கு ரத்னாவதிக்குக் காவிரி குறுக்க நின்னுச்சு. இந்தப் பொண்ணுக்கும் அவ அம்மாவுக்கும் நடுவுல நின்னது தண்ணி இல்ல நடுவர் அவர்களே. அது வடியவும் இல்ல.

அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அம்மாயி பலகையைத் தூக்கிக்கிட்டுப் போய் அவ கட்டில்ல உக்காந்துச்சு. "ஏ புள்ள, ஆடத் தெரியுமா?" "எங்க அம்மா சொல்லிக் குடுத்துச்சு"ன்னா. சொல்லும்போதே உதடு கோணிக்கிச்சு. அம்மாயி வேற எதுவும் கேக்கல. குழிக்கு அஞ்சா நிரப்பிக் குடுத்துச்சு. நாலு ஆட்டம் ஆடுனாங்க. அவ மூணு ஜெயிச்சா. கொட்டையை அள்ளும்போது அவளுக்குப் பெரிய வலி வந்துச்சு, அப்படியே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. கதவு வரைக்கும் அம்மாயி அவ கையைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு.

பொம்பளைப் புள்ள. விடிஞ்சு நர்ஸ் வந்து சொன்னாங்க: "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் வலது கையைத் திறக்கவே இல்ல. திறந்து பாத்தா ஒரு புளியங்கொட்டை. உள்ளங்கையில அச்சு விழுந்திருக்கு." நர்ஸ் அதை வாங்கப் போயிருக்காங்க. அவ குடுக்கல. அம்மாயியும் கேக்கல.

இப்ப அம்மாயி இல்ல. அடுத்த மாசம் என் தங்கச்சிக்கு நாள் குறிச்சிருக்காங்க. நேத்து ராத்திரி அவளுக்குப் பை அடுக்குனேன். துணி, ஃபிளாஸ்க், சீட்டு எல்லாம் வச்சாச்சு. ஓரத்துல பல்லாங்குழி. சுருக்குப் பையைக் கொட்டி எண்ணுனேன். 69. அடுக்களையில போய் ஒண்ணு எடுத்துட்டு வந்து சேத்துக்கோ அக்கான்னா தங்கச்சி. வேணாம்னுட்டேன்.

வணக்கம்.