கடற்கரைச் சாலையில் குடியரசு நாள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அணிவகுப்பை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இருந்தாலும் நானும் என் பள்ளித் தோழியும் ஜனவரி 26 வந்தால் இருட்டு விலகுமுன்பே சென்னைக் கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலைக்குக் கிளம்பிவிடுவோம். எதற்காக என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடந்தால், எதிரே உழைப்பாளர் சிலை. முன்பெல்லாம் காந்தி சிலை அருகில்தான் விழா நடக்கும். மெட்ரோ ரயில் பணியால் 2023 முதல் இங்கே மாற்றினார்கள். இரண்டு சிலைகளையும் வடித்தவர் ஒருவரே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி. நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையை நெம்பும் அந்தச் சிலைக்கு முன்னால் குடியரசு நாளைக் கொண்டாடுவது மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

சவுக்குக் கட்டைத் தடுப்பு பனியில் நனைந்து சில்லென்றிருக்கும். அதைப் பிடித்தபடி நிற்போம். கொடி விற்கும் அம்மா குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வரிசையாகப் பிள்ளைகளின் சட்டையில் காகிதக் கொடியைக் குத்திக்கொண்டே வருவார். பின்னால் நிற்பவர், "அக்கா, கொஞ்சம் நகருங்க, கொழந்த பாக்கட்டும்" என்பார். நகர்வோம். முன்பின் தெரியாத அந்தக் குழந்தை நம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

எட்டு மணிக்கு ஆளுநர் கொடியேற்றுகிறார். ஹெலிகாப்டரிலிருந்து பூ விழுகிறது. முப்படையினர், காவல்துறையினர், மாணவர் படையினர் என்று வரிசையாக வருகிறார்கள். பெண் காவலர்கள் அணி கடக்கும்போது என் தோழி கை தட்டுவதை நிறுத்தவே மாட்டாள். "ஏய், அந்தக் கடைசிப் பொண்ணு நடையைப் பாருடி!" என்று என் தோளைக் குலுக்குவாள்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பதக்கம் வழங்கும் நேரம். வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம், கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் இரண்டையும் முதலமைச்சர் வழங்குவார். கோட்டை அமீர், கோவையில் மத ஒற்றுமைக்காகப் பாடுபட்டு உயிர் நீத்தவர். அவர் பெயரில் பதக்கம் வாங்க மேடைக்கு வருகிறவர் மந்திரியோ தளபதியோ அல்ல, நம் தெருவில் பார்க்கிற ஒரு சாதாரண மனிதர். செய்த காரியத்தை ஒலிபெருக்கியில் சொல்லும்போது, முகம்கூடச் சரியாகத் தெரியாத தூரத்தில் நிற்கும் கூட்டம் எழுப்புகிற கரவொலி இருக்கிறதே, அதற்காகவே நான் போகிறேன். பக்கத்தில் யார் என்ன சாதி, என்ன மதம் என்று தெரியாமல் எல்லாரும் சேர்ந்து தட்டுகிற கை அது.

இந்தத் தேதிக்குச் சென்னையில் இன்னொரு கதையும் உண்டு. அரசியலமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1930இல், காங்கிரஸ் அந்த நாளை முழு விடுதலை நாளாகக் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 1932 ஜனவரி 26 அன்று ஆர்யா என்கிற பாஷ்யம், இதே சாலையின் வடகோடிக்கு அப்பால் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நுழைந்து, உயரமான கொடிமரத்தில் ஏறி, பிரிட்டிஷ் கொடி பறந்த இடத்தில் நம் கொடியைப் பறக்கவிட்டார். பாரதியாரின் உருவத்தைத் தீட்டிய ஓவியரும் அவர்தான். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே, தனி ஆளாக ஏறியிருக்கிறார். நாம் பல்லாயிரம் பேர் வெளிச்சத்தில் நின்று கொடியைப் பார்க்கிறோம். கொடி ஏறும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

கூட்டம் கலைந்ததும் என் தோழி ஒரு வேலை செய்வாள். கீழே கிடக்கும் காகிதக் கொடிகளைப் பொறுக்கிப் பைக்குள் வைப்பாள். காகிதக் கொடியைத் தரையில் வீசக் கூடாது என்று கொடி விதியே சொல்கிறது. அவளைப் பார்த்து நாலு பிள்ளைகளும் குனிந்து பொறுக்குவார்கள். அப்புறம் திருவல்லிக்கேணியில் சாம்பாரில் மிதக்கும் இட்லி.

வருகிற குடியரசு நாளுக்கு நீங்களும் ஒரு நண்பரையோ தோழியையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். போக்குவரத்தை மாற்றியிருப்பார்கள், அதனால் ரயிலில் வருவது நல்லது. வெயில் ஏறிவிடும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் தடுப்பை ஒட்டி நிறுத்துங்கள். நாங்கள் வாலாஜா சாலை முனையில்தான் நிற்போம். நன்றி, வணக்கம்.