மிரட்டிப் பிடுங்கிய பணத்துக்குக் கொடுத்தவன் குற்றவாளியா?

அடுத்த கேள்வி. "சண்டை நடக்கும் ஊரில் ஆலை வைத்திருப்பவரை ஆயுதக் குழு மிரட்டிப் பணம் வாங்குகிறது. பறிகொடுத்தவரையே குற்றவாளி என்பது என்ன நியாயம்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

முதல் தடவை என்றால் நான் உங்கள் பக்கம்தான். தலையில் துப்பாக்கி வைத்தால் யாரும் கொடுப்பார்கள். ஆனால் மாதாமாதம் கொடுத்துக் கணக்கில் வேறு பெயர் எழுதினால்? சிகிட்டா வாழைப்பழ நிறுவனம் கொலம்பியாவில் 1997 முதல் 2004 வரை ஏ.யூ.சி. என்ற சட்டவிரோத ஆயுதப் படைக்குச் சுமார் 17 லட்சம் டாலர் கொடுத்தது. கணக்கில் அது 'பாதுகாப்புச் செலவு'. ஊழியர் உயிரைக் காக்கத்தான் கொடுத்தோம் என்றார்கள். சரி, 2003-ல் அவர்கள் வைத்திருந்த வக்கீல்களே நிறுத்தச் சொன்ன பிறகும் பணம் போனதே, அதற்கு என்ன சொல்வது? 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்டினார்கள். அந்தப் படை கொன்றவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், 2024-ல் ஃபுளோரிடா ஜூரி எட்டுப் பேரின் சாவுக்கு நிறுவனமும் பொறுப்பு என்றது.

பிரான்ஸின் சிமெண்ட் நிறுவனமான லாஃபார்ஜின் கதை இதைவிட மோசம். சிரியாவின் வடக்கே அவர்களுக்கு ஒரு சிமெண்ட் ஆலை. வெளிநாட்டு ஊழியர்களை 2012-லேயே பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளூர் ஆட்கள் மட்டும் 2014 செப்டம்பர் வரை வேலைக்கு வந்தார்கள், வழியில் ஆயுதக் குழுக்களின் சோதனைச் சாவடிகளைத் தாண்டி. அந்தச் சாவடிகளில் விடுவதற்காகவும் ஐ.எஸ். பயங்கரவாதக் குழுவுக்குப் பணம் போனது. அதோடு நின்றதா? விற்கும் சிமெண்ட்டின் அளவுக்கேற்பப் பங்கு தருவதாகப் பேசி, போட்டிச் சரக்கை அடக்கவும் அவர்களின் தயவை நாடினார்கள். இதற்குப் பெயர் மிரட்டலா, கூட்டு வியாபாரமா? 2022-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, ஏறக்குறைய 77.8 கோடி டாலர் கட்டினார்கள்.

அப்படியானால் முதல் நாளே மூடிவிட்டு ஓடுவதா என்றால், அதுவும் சுலபமில்லை. ஆயிரம் பேர் சம்பளம் நிற்கும். விட்டுப்போன இயந்திரங்களை அதே குழு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தொழிலும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா.வின் 2011 வழிகாட்டு நெறிகள் எல்லோருக்கும் ஒரே விடை சொல்லவில்லை. ஆபத்து கூடக் கூட, தன் தொழிலால் யாருக்கு என்ன தீங்கு என்று நிறுவனம் தீர விசாரிப்பதும் கூட வேண்டும் என்கின்றன.

நான் பார்ப்பது ஒன்றுதான். முதலாளி தன் மகனை அனுப்பத் துணியாத சாவடி வழியாக, கூலிக்காரர் மகனை அனுப்புகிறாரா?

அடுத்த கேள்விக்குப் போகலாம்.