பிளாஸ்டர் அச்சுல வார்த்தா குமிழி வருதா? உங்க கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, கொடுவா மீனுக்குத் தூண்டில்ல போடுற சாஃப்ட் பிளாஸ்டிக் லூரை, அதான் வளையுற போலி இரையை, வீட்லயே வார்க்கிறேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல அச்சு எடுத்தேன். ஊத்துனா உடம்பு பூரா குமிழி வருது, நிறமும் மஞ்சளாயிடுது. ஊத்துற பிளாஸ்டிசால் திரவம் மட்டமோ? பேசாம பழைய பிவிசி பைப்பை உருக்கி ஊத்திடவா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன் தம்பி. பைப்பைத் தொடாதீங்க. பிளாஸ்டிசாலும் பிவிசிதான், ஆனா அதுல பிவிசி பவுடரோட பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய் நிறைய கலந்திருக்கும். லூர் வளையறது அதனாலதான். பைப்புல அது கிடையாது. அது இளகி ஓடறதுக்கு முன்னாடியே கருகும், கருகினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

இப்போ குமிழிக்கு வருவோம். வார்த்த லூர் ஒண்ண எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. குமிழி உள்ள பரவலா, பொடிப்பொடியா இருந்தா நீங்க வேகமா கலக்குனதுல காத்து மாட்டியிருக்கு. அச்சு பட்ட பக்கத்துல மட்டும் குழிகுழியா இருந்தா அச்சுல ஈரம் இருக்கு. பிளாஸ்டர் அச்சுன்னு சொல்றதால, எனக்கு இந்த ரெண்டாவதுமேலதான் சந்தேகம்.

நம்ம கடலூர், பாண்டிச்சேரி காத்துல எப்பவும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில எடுத்த அச்சு காயவே காயாது. மேல தொட்டா காஞ்சிருக்கும், உள்ள தண்ணி நிக்கும். அதுமேல 170 டிகிரி சூட்டுல ஊத்துனா தண்ணி ஆவியாகி லூரைத் துளைச்சுக்கிட்டுதான் வெளிய வரும். சமையல் தராசுல அச்சைத் தினமும் எடை போடுங்க. எடை குறைஞ்சுக்கிட்டே இருந்தா இன்னும் காயல. குறையறது நின்னாதான் காஞ்சதா அர்த்தம். கன்னத்துல வெச்சுப் பார்த்தா ஜில்லுன்னு இருக்கா? அப்பவும் ஈரம்தான்.

அவசரப்பட்டு அடுப்புல காட்டிடாதீங்க. இறுகின பிளாஸ்டர்ங்கிறது ஜிப்சம். நல்லா காஞ்ச ஜிப்சத்துலயே எடையில 5ல 1 பங்கு தண்ணி கட்டுண்டு கிடக்கும். சூடு அதிகமானா அதுவும் வெளியேறி, அச்சு மேல்பக்கம் பொடிப்பொடியா உதிரும். ஃபேன் காத்துல பொறுமையா காய விடுங்க.

காஞ்சதும் அப்படியே ஊத்தக் கூடாது. ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதியா கலந்து, பிரஷ்ஷால மெல்லிசா ரெண்டு மூணு கோட்டிங் அடிங்க. ஒவ்வொண்ணும் நல்லா காயணும். தடிமனா அடிச்சா அச்சுல பதிஞ்சிருக்கற மீன் உருவத்தோட செதில், கண்ணெல்லாம் அடைபட்டுப் போகும். இன்னும் நீடிக்கணும்னா மெதுவா இறுகுற எபாக்ஸி பசை பூசலாம். ஊத்தறதுக்கு முன்னாடி லேசா சமையல் எண்ணெய் தடவினா லூர் ஒட்டாம வரும்.

மஞ்சளாகுதுன்னா சூடு மிஞ்சிப் போச்சுன்னு அர்த்தம். முதல்ல டப்பாவை நல்லா குலுக்குங்க, பவுடர் அடியில தங்கியிருக்கும். சூடேற ஏற பால் நிறத்துல இருக்கறது கூழ் மாதிரி கெட்டியாகும். அங்க பயந்து நெருப்பைக் கூட்டிடாதீங்க, கலக்கிக்கிட்டே இருங்க. 165, 170 டிகிரிக்கு வரும்போது தெளிஞ்சு இளகிடும். அதோட நிறுத்திடணும். கண்ணால கணக்குப் போடாம ஒரு தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, இதுல கஞ்சத்தனம் வேண்டாம். பாத்திரமும் கரண்டியும் இதுக்குன்னே தனியா வெச்சுக்கோங்க, திரும்ப சமையலுக்குப் போகக் கூடாது.

மூடின அறையில செய்யாதீங்க தம்பி. மொட்டைமாடியில, கடல்காத்து முதுகுப் பக்கம் வர்ற மாதிரி நின்னு செய்ங்க. துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது, ஆசிட் வாயுவுக்கான ஃபில்டர் வெச்ச மாஸ்க்தான் வேணும். கண்ணாடி, தடிமனான கையுறை, முழுக்கை சட்டை போட்டுக்கோங்க. நெத்தி வேர்வை ஒரு சொட்டு உள்ள விழுந்தாலே தெறிக்கும், தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டு பொசுக்கும். சின்னப் பசங்களை மாடிக்கு வர விடாதீங்க.

குமிழி விழுந்த பீஸையெல்லாம் தூக்கிப் போட வேண்டாம். உப்பனாத்துல மட்டும் வீசிடாதீங்க, அது மக்காது. பொடியா நறுக்கி, புதுசோட கலந்து திரும்ப உருக்கலாம். நிறம் கொஞ்சம் மங்கும், அதனால கறுப்பு, பழுப்பு லூருக்கு வெச்சுக்கோங்க. தண்ணியில போட்ட லூரா இருந்தா கழுவி, நல்லா காய வெச்சப்புறம்தான் பாத்திரத்துல போடணும்.