உரம் இட்டும் வெளுக்கும் நாற்றுகள்: இயற்கை இடுபொருட்களின் காலக்கணக்கு

[காட்சி: வெளிர் மஞ்சளாக நிற்கும் தக்காளி நாற்றுகள். கையில் அள்ளிய மண்ணில் மட்காத வைக்கோல் துண்டுகள்.]

குரல்: இந்த நாற்றுகளை நட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. நடும் முன் ஒவ்வொரு குழியிலும் தாராளமாகத் தொழு உரம் இடப்பட்டது. ஆயினும் அடி இலைகள் வெளுத்து, வளர்ச்சி நின்றுவிட்டது. உரம் போதவில்லை என்று கருதி இன்னும் இரண்டு கூடை கொட்டுவதே பலரும் செய்வது. அதற்கு முன், இட்ட உரத்துக்கு மண்ணுக்குள் என்ன நேர்ந்தது என்று பார்த்துவிடுவோம்.

[காட்சி: வேரும் அதைச் சூழ்ந்த நுண்ணுயிரிகளும், அசைவுப் படமாக.]

பயிரின் வேர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) பெரும்பாலும் நைட்ரேட், அம்மோனியம் ஆகிய வடிவங்களிலேயே உறிஞ்சுகின்றன. தொழு உரத்திலும் புண்ணாக்கிலும் அச்சத்தின் பெரும்பகுதி புரதம் முதலிய கரிமச் சேர்மங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அச்சேர்மங்களைச் சிதைத்து, தங்கள் உடலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் அம்மோனியமாக வெளிவருகிறது; வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதல் பந்தி நுண்ணுயிரிகளுக்கு. பயிர் இரண்டாம் பந்தியில்தான் உட்கார முடியும்.

நுண்ணுயிரியின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 8 பங்கு கார்பன் உள்ளது. சுவாசத்தில் அது எரித்துவிடுவதையும் சேர்த்தால், அதன் உணவில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 24 பங்கு கார்பன் இருக்கலாம். பயறு வகைப் பசுந்தாளில் இந்த அளவு 15 முதல் 20 வரையே இருப்பதால், அது மட்கும்போது தழைச்சத்து மிஞ்சுகிறது. வைக்கோலில் ஏறத்தாழ 80, மரத்தூளில் சில நூறு. இவற்றை மண்ணில் கலந்தால், பற்றாக்குறையை ஈடுகட்ட நுண்ணுயிரிகள் மண்ணில் ஏற்கெனவே இருந்த நைட்ரேட்டையும் உண்டுவிடுகின்றன. அரைகுறையாக மட்கிய, வைக்கோல் மிகுந்த தொழு உரத்தால் நம் நாற்றுகளுக்கு நேர்ந்ததும் இதுதான்.

அதே வைக்கோலை மண்ணில் கலக்காமல் மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஏனெனில் சிதைவு மேற்பரப்பை ஒட்டியே நடக்கிறது. கலக்கத்தான் வேண்டுமென்றால் முன்பே குவித்து மட்கவைக்க வேண்டும். குவியலைப் புரட்டிப் போட்ட பின்னும் சூடேறாமல், மண்வாசம் வீசி, மூலப்பொருள் இன்னதென்று அடையாளம் தெரியாத நிலைக்கு வந்தால் அது முதிர்ந்துவிட்டது எனலாம்.

[காட்சி: தொழு உரம், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு – மூன்று தட்டுகளில்.]

தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 விழுக்காடு, மண்புழு உரத்தில் பெரும்பாலும் 1 முதல் 2 வரை, வேப்பம் புண்ணாக்கில் 4 முதல் 5 வரை. இந்த எண்களைவிட வேகமே முக்கியம் என்பது என் கருத்து. புண்ணாக்கு வாரக்கணக்கில் சத்தை விடுகிறது. தொழு உரமோ முதல் பருவத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் தந்துவிட்டு, எஞ்சியதை ஆண்டுக்கணக்கில் கொடுக்கிறது. மண் குளிர்ந்திருந்தாலோ உலர்ந்திருந்தாலோ இரண்டுமே தாமதப்படும்.

[காட்சி: வேரிலிருந்து விரியும் நுண்ணிய பூஞ்சை இழைகள்.]

நுண்ணுயிரிகளையே உரமாக இடும் உயிர் உரங்களின் வேலை வேறு. ரைசோபியம் பயறுக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்துகிறது. முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பது அது வேலை செய்வதற்கான அடையாளம். தக்காளிக்கு அதனால் நேரடிப் பயன் கிடையாது. அசோஸ்பைரில்லத்தின் பயனில் பெரும்பங்கு, வளர்ச்சி ஊக்கிகளைச் சுரந்து வேரைக் கிளைக்கச் செய்வதால் வருகிறது. பாஸ்போபாக்டீரியா அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைக்கிறது. வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சையான வேர் உட்பூசணம் தன் இழைகளை வேர்த்தூவிகள் எட்டாத தொலைவுக்கு நீட்டி, மண்ணில் மிக மெதுவாக நகரும் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கைம்மாறாகச் செடியிடமிருந்து கார்பனைப் பெறுகிறது. முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி அடங்கிய கடுகுக் குடும்பம் இந்தப் பூசணத்தோடு பொதுவாக உறவு கொள்வதில்லை. அந்தப் பயிர்களுக்காக இதை வாங்குவது வீண்செலவு.

மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்த மண்ணிலும் இப்பூசணம் ஒடுங்கிவிடும். ஆண்டுதோறும் தழைச்சத்துத் தேவையை முழுவதும் தொழு உரத்தாலேயே ஈடுசெய்யும் தோட்டங்கள் அந்த நிலையை எட்டக்கூடும். பயிர் எடுக்கும் விகிதத்தைவிட அதில் மணிச்சத்து கூடுதலாக இருப்பதால், மிச்சம் மண்ணில் சேர்ந்து துத்தநாகப் பற்றாக்குறைக்கும் வழிவிடுகிறது. இயற்கை உரம் எவ்வளவு இட்டாலும் கெடுதல் இல்லை என்ற பேச்சை, மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

[காட்சி: மீண்டும் அதே தக்காளி வரிசை.]

இந்த நாற்றுகளுக்கு இப்போது தேவை, பொடித்த புண்ணாக்கில் ஒரு சிறு அளவு. அதைத் தண்டில் படாமல் வேர்ப் பரப்பில் தூவி, மண்ணோடு கிளறி, நீர் பாய்ச்ச வேண்டும். நுண்ணுயிரிகள் பிடித்துவைத்த தழைச்சத்து எங்கும் போய்விடவில்லை; அவை மடிய மடிய அது மண்ணுக்குத் திரும்பும். பதற்றத்தில் அந்த இரண்டு கூடையையும் இப்போதே போட்டால், அப்படித் திரும்பும் தழைச்சத்தும் புதிதாகப் போட்ட உரத்தின் தழைச்சத்தும் பூக்கும் பருவத்தில் ஒன்றாக வந்து சேரலாம். அப்போது செடி கருகருவென்று தழைத்து நிற்கும், காய்தான் குறையும்.