அழைப்பில்லாதவர்க்கும் ஓர் இலை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மும்பையின் பழைய ஈரானி கஃபேயின் தோற்றத்தில், முற்காலத்தில் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்திர மதத்தவரான பார்சிகளின் உணவைப் பரிமாறும் உணவகங்கள் அந்த மரபைக் காக்கின்றனவா, காட்சிப்பொருளாக்குகின்றனவா என்ற கேள்விக்கு, காக்கின்றன என்று வாதாட வந்திருக்கிறேன்.

பார்சி உணவின் இடம் வீட்டு அடுக்களையும் திருமணப் பந்தியும்தான் என்றும், பளிங்கு மேசையும் வளைத்த மரநாற்காலியும் வெறும் அலங்காரம் என்றும் எதிரணித் தலைவர் சொன்னார். அந்த அடுக்களைகள் இனி எத்தனை நாளைக்கு? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 69,601 பேராக இருந்த இந்தியப் பார்சிகள் 2011இல் 57,264 பேராகக் குறைந்துவிட்டார்கள். வீட்டுக்குள் மட்டுமே வாழும் சமையல், அடுப்பெரியும் வீடுகள் குறையக் குறையத் தானும் அருகிப்போகும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து மும்பைக்கு வந்த ஈரானிய ஜொராஸ்திரியர்கள் தெருமுனைகளில் தொடங்கிய கஃபேக்கள் தேநீருக்கும், வெண்ணெய் தடவிய பன்னான பன் மஸ்காவுக்கும் பெயர் பெற்றவை. பருப்பும் இறைச்சியும் சேர்ந்து வேகும் தன்சாக் அங்கே பிறந்ததன்று, அது பார்சி வீட்டுச் சமையல். ஆனால் ஈரானி கஃபேயும் பார்சி வீட்டுச் சமையலும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தபோது என்ன விளைந்தது என்று பாருங்கள். மும்பையின் பாலார்ட் எஸ்டேட்டில் 1923இல் தொடங்கிய பிரிட்டானியா கஃபேயை நெடுங்காலம் நடத்திய போமன் கோஹினூரின் மனைவி, ஈரானில் வாழ்ந்த நாட்களில் அறிந்த, ஸெரெஷ்க் என்னும் புளிப்புச் சிறுபழம் தூவிய புலாவைப் பார்சி நாவுக்கேற்ற மசாலாவோடு மாற்றியமைத்தார். இன்று பார்சி உணவு என்றதும் பலர் நினைவுக்கு வரும் பெர்ரி புலாவ் அப்படித்தான் ஒரு கஃபேயின் வழியே ஊரறிந்த உணவாயிற்று. அலங்காரம் மட்டுமே உள்ள இடத்தில் மரபு புதிதாகக் கிளைக்குமா?

துக்கத்தின் நான்காம் நாளில் உண்ணும் தன்சாக்கை அன்றாடம் விற்பது மரபுப் பிழை என்றார்கள் எதிரணியினர். அதே தன்சாக்தான் பார்சி வீடுகளின் ஞாயிறு மதிய உணவும். பருப்புகளோடு பூசணியும் கத்தரிக்காயும் ஆட்டிறைச்சியும் குழைய வேகும் அந்தப் பக்குவம், தினமும் சமைப்பதால் கைவிட்டுப் போகாமல் நிற்கிறது.

பத்ரா நி மச்சியையும் சொல்ல வேண்டும். பச்சைச் சட்னி பூசி, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த அந்த வவ்வால் மீனை உண்ண, முன்பெல்லாம் பார்சித் திருமணத்துக்கு அழைப்பு வேண்டும். அப்படி எந்த அழைப்பும் வராத எனக்கு, அந்த இலையைப் பிரிக்கும் பேற்றைத் தந்தது ஒரு கஃபேயின் பளிங்கு மேசைதான், நடுவர் அவர்களே.