தாராக் குஞ்சு நடக்க ஏலாமக் குந்தி இருக்குதா? விற்றமின் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. வாசிக்கிறன். “அண்ணா, வீட்டில ஆசைக்கு ஆறு தாராக் குஞ்சும் ரெண்டு வாத்துக் குஞ்சும் வளர்க்கிறம். மூண்டு கிழமை ஆகுது. கோழிக்குஞ்சுத் தீனும் மில்லுத் தவிடும்தான் போடுறம். ரெண்டு தாராக் குஞ்சு நடக்க ஏலாமக் குந்திக்கொண்டே இருக்குது. கால் வளைஞ்ச மாதிரித் தெரியுது. இது விற்றமின் குறையா? மற்றதுகளுக்கு வராமத் தடுக்க என்ன செய்யலாம்?”

தங்கச்சி, முதல்ல ஒரு விசயம் பாருங்க. குஞ்சை மெதுவாத் தூக்கி, வயிறு உங்கட உள்ளங்கையில இருக்கிற மாதிரிப் பிடிச்சு, ரெண்டு காலையும் தொங்க விடுங்க. காலில பின்பக்கமா மடியிற மூட்டு ஒண்டு இருக்கும். அந்த மூட்டு ரெண்டு காலிலயும் தடிச்சு, கால் வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா நியாசின் குறையைத்தான் நான் முதல் சந்தேகிப்பன். ஒரு கால் மட்டும்தான் பிரச்சினை எண்டா பாதத்துக்கு அடியில முள்ளுக் குத்தியிருக்குதா, வெட்டு இருக்குதா எண்டு பாருங்க. அது வேற கதை.

நியாசின் எண்டது விற்றமின் பி3. கோழிக்கும் வேணும், தாராவுக்கும் வேணும். ஆனா அளவில பெரிய வித்தியாசம் இருக்கு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994இல வெளியிட்ட பறவைத் தீவன அட்டவணையில, முட்டைக்கோழிக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீனில 27 மில்லிகிராம் நியாசின் போதும். தாராக் குஞ்சுக்கு 55 வேணும். வாத்துக் குஞ்சுக்கு, அதாவது கழுத்து நீண்ட பெரிய இனத்துக்கு (goose), முதல் நாலு கிழமையும் 65. புரதத்தில இருக்கிற டிரிப்டோபானை நியாசினா மாத்திறதில தாராவின்ட உடம்பு கோழியை விடப் பின்தங்கினது. அதால சாப்பாட்டில நேராக் கிடைச்சாத்தான் உண்டு. கோழித் தீன் கெட்ட தீன் இல்லை, அது கோழிக்கு அளந்து செய்த தீன். அவ்வளவுதான்.

இப்ப தவிட்டுக்கு வருவம். தம்பலகாமத்தில, கந்தளாயில, கிண்ணியாவில வயலும் மில்லும் பக்கத்தில இருக்கிறதால எல்லாரும் தவிடுதான் போடுறீங்க. தவிட்டில நியாசின் நிறைய இருக்கு, பொய் இல்லை. ஆனா அதில பெரும்பங்கு நாரோட கட்டுண்டு கிடக்குது, குஞ்சின்ட குடலால அதைப் பிரிச்செடுக்க ஏலாது. இன்னொண்டு, பச்சைத் தவிட்டில எண்ணெய் இருக்கு. நெல்லைக் குத்தின உடனேயே அந்த எண்ணெய் கெடத் தொடங்கிடும். சாக்கைத் திறந்து ஒரு பிடி அள்ளி மூக்குக்குக் கிட்டப் பிடிங்க. காறல் மணம் வந்தா அதைப் போடாதீங்க. காறின எண்ணெய் தீனில இருக்கிற விற்றமின் ஈ-யையும் அழிச்சுப் போடும். மாரி தொடங்கினா, ஐப்பசியில இருந்து தை வரைக்கும், இங்க ஈரப்பதன் கூட. அப்ப சின்னச் சின்னதா வாங்கி, மூடியுள்ள வாளியில, நிலத்தில படாம வையுங்க. பூஞ்சணம் பிடிச்ச தீனும் புண்ணாக்கும் தாராக் குஞ்சைச் சாகடிச்சுப்போடும். பூஞ்சண நஞ்சு, அஃபிளடொக்சின், அதை கோழி தாங்கிற அளவு தாரா தாங்காது.

சரி, என்ன குடுக்கலாம்? புரூவர்ஸ் ஈஸ்ட் (பியர் வடிக்கிற ஈஸ்டின்ட காஞ்ச தூள்) கிடைச்சா ஒரு கிலோ தீனுக்கு 50 தொடக்கம் 75 கிராம் கலவுங்க. தீனில லேசாத் தண்ணி தெளிச்சுப் பிரட்டினாத் தூள் அடியில தங்காது. பாணுக்குப் போடுற ஈஸ்ட் வேண்டாம், அது உயிரோட இருக்கிறது, வயித்துக்குள்ள பொங்கும். ஈஸ்ட் கிடைக்காட்டி பாமசியில சாதாரண நியாசின் குளிசை கேளுங்க. மெல்ல மெல்லக் கரையிற வகை வேண்டாம். ஒரு லீற்றர் குடிதண்ணிக்கு 30, 40 மில்லிகிராம் போதும். ஒவ்வொரு நாளும் புதுசாக் கரைச்சு வையுங்க. இது வராமத் தடுக்கிற அளவு. கால் வளைஞ்ச குஞ்சுக்கு அளவு கூட வேணும், அதை மிருக வைத்தியர் சொல்லட்டும்.

நம்மட கடலும் கை குடுக்கும். சூரை மீனில நியாசின் நல்லா இருக்கு. தலை, வால் எண்டு வெட்டிப் போட்ட துண்டுகளை அவிச்சு, முள்ளெடுத்து, உதிர்த்துக் கொஞ்சம் போடுங்க. பச்சையாப் போடாதீங்க எண்டு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சில பச்சை மீன்களில விற்றமின் பி1-ஐ உடைக்கிற தயமினேஸ் எண்ட நொதியம் இருக்கு. அதையே தொடர்ந்து தின்டா குஞ்சு தலையைப் பின்னுக்கு முறுக்கி வானத்தைப் பார்க்கும். அவிச்சா அந்த நொதியம் செத்துப்போகும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு தாங்காது. உப்பில்லாத அவிச்ச கச்சானை (நிலக்கடலையை) நல்லாப் பொடியாக்கிப் போடலாம்.

தீன் வாங்கேக்க இரத்தக் கழிச்சல் மருந்து கலந்ததா எண்டும் கேளுங்க. அம்ப்ரோலியம் எண்ட மருந்து, ஒட்டுண்ணிக்கு பி1 கிடைக்காமச் செய்துதான் வேலை செய்யுது. தாரா கோழியை விட நிறையத் தின்னும், அதால மருந்தும் கூட உள்ள போகும். மருந்து கலக்காத தீன்தான் நல்லம்.

விற்றமின் ஏ-க்கு முருங்கையிலை, கங்குன், பொன்னாங்காணி, பழுத்த பூசணி. பொடியா நறுக்கித் தண்ணியில மிதக்க விட்டா விளையாடி விளையாடித் தின்னும். வாத்து புல்லு மேயிற பிராணி. ஆடி, ஆவணியில தென்மேற்கில இருந்து வீசுற கச்சான் காத்துக்கு நம்மட பக்கம் புல்லு கருகிப்போகும். அந்த நேரம் கீரை கட்டாயம் வேணும். கண்ணில நுரை தள்ளுறதும் இமை ஒட்டுறதும் ஏ குறைஞ்ச அடையாளமா இருக்கலாம். விற்றமின் டி-க்கு காலை வெயில். மழைக்காலம் எண்டு நாள் முழுக்கக் கூட்டுக்குள்ள அடைக்காதீங்க, வெயில் எறிக்கிற நேரம் பார்த்து வெளியில விடுங்க. மீன் எண்ணெய்க் குளிசையை நினைச்சபடி உடைச்சு ஊத்த வேண்டாம். பி வகை கூடினா பெரும்பாலும் எச்சத்தோட போகும், ஏ-யும் டி-யும் உடம்பில தங்கி நஞ்சாகும். கல்சியத்துக்குப் போடுற சிப்பித் தூள் முட்டையிடுற தாராவுக்குத்தான், அதுவும் தனிச் சட்டியில. குஞ்சுக்குக் கூடினா சிறுநீரகம் கெடும்.

அந்த ரெண்டு குஞ்சுக்கும் மிருக வைத்தியரிட்ட அளவைக் கேட்டு நியாசினை இண்டைக்கே தொடங்குங்க தங்கச்சி. வேளைக்குக் குடுத்தா எழும்பி நடக்கும், எலும்பு வளைஞ்சு இறுகினாப் பிறகு நிமிராது. நிலத்தில பேப்பர் போட்டிருந்தா எடுத்திட்டுச் சாக்கு விரிங்க, வழுக்கினாக் கால் இன்னும் விரியும். தீனும் தண்ணியும் இருந்த இடத்திலயே எட்டிற மாதிரி வையுங்க. ரெண்டு மூண்டு நாளில மாற்றம் தெரியாட்டி அரச மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்க. நியாசின் குறை எண்டா தொத்தாது, அதுகளைத் தனியாப் பிரிக்கத் தேவையில்லை. மற்றதுகள் மிதிக்காம மட்டும் பார்த்துக்கொள்ளுங்க.