சீகன்பால்குவின் ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையைப் பார்ப்பார்கள், கடலில் கால் நனைப்பார்கள், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போகிறவர்கள் குறைவு. சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இறந்தபோது அவருக்கு வயது 36. நாம் பள்ளியில் படித்த பாடத்தில் அவருக்கு ஒரே ஒரு வரி: தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்தவர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். பரீட்சைக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. வீட்டைவிட்டு இத்தனை தூரம் வந்த ஓர் இளைஞர் காலையில் எழுந்ததும் என்ன செய்தார், யாரோடு பேசினார், உச்சி வெயிலில் எங்கே ஒதுங்கினார், இதெல்லாம் தெரிய வேண்டும் என்று பல வருடமாக எனக்கு ஓர் ஆசை. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அவருடைய ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1706 ஜூலை 9. முந்தின வருடம் நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் புறப்பட்ட கப்பல், ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, தரங்கம்பாடிக்கு வந்து சேர்கிறது. அதில் இரண்டு ஜெர்மானியர்கள்: சீகன்பால்கு, புளூட்சோ. சீகன்பால்குவுக்கு 24 வயதுகூட நிறையவில்லை. அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக். அரசரே அனுப்பிய ஆள் என்றால் மேளதாளத்தோடு வரவேற்றிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. 1620-இல் தஞ்சை நாயக்கரிடம் குத்தகைக்கு வாங்கிய இடத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்த டேனிஷ் கம்பெனிக்காரர்களுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. நெடுநேரம் காக்க வைத்தார்கள். ஆளுநர் ஹாசியஸ் கடைசியில் வந்து, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்கிற தோரணையில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பேரும் கடைத்தெருவில் போக்கிடம் இல்லாமல் நின்றார்கள். யாரோ ஒருவர் இரக்கப்பட்டு ஒரு வீட்டைக் காட்டினார். இந்த ஊரில் அவர்களுடைய வாழ்க்கை தொடங்கியது இப்படித்தான்.

சரி, வீடு கிடைத்துவிட்டது. பேச்சுக்கு என்ன செய்வது? அன்றைக்கு இந்தக் கரையோரத்தில் வெள்ளைக்காரர்களோடு பேச எல்லோரும் போர்த்துக்கீசியத்தைத்தான் பயன்படுத்தினார்கள். வியாபாரத்துக்கு அது போதும். இவர்களும் முதலில் அதைத்தான் கற்றார்கள். ஆனால் கடைத்தெருவைத் தாண்டி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டுமென்றால் தமிழ் வேண்டும். அதனால் புளூட்சோ போர்த்துக்கீசியத்தைப் பார்த்துக்கொள்வது, சீகன்பால்கு தமிழைப் பார்த்துக்கொள்வது என்று பங்கு போட்டுக்கொண்டார்கள்.

தமிழுக்குப் புத்தகம் கிடையாது, அகராதி கிடையாது. அதாவது, கையில் எடுத்துப் படிக்கிற மாதிரி அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார் என்றால், எழுபது வயதுத் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டில் வந்து நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் முப்பத்தொரு வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். மணலில் எழுதுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பலகை வந்து, நோட்டு வந்து, இப்போது திரையே வந்துவிட்டது. ஆனாலும் நான் ஓய்வு பெறும் வரை என் வகுப்பில் ஒரு மணல் தட்டு இருந்தது. கடல் மணல் அதற்கு உதவாது, ஈரம் விடாது, விரலில் ஒட்டும். ஆற்று மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்து, விரற்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அதில் எழுதினால் எழுத்து கண்ணில் மட்டும் பதியாது, விரல் நுனியில் பதியும். தப்பாகப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். அழித்த அடையாளமே இருக்காது. பயந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல பலகை கிடையாது.

என் வகுப்புக்கு ஒரு வருடம் வடக்கேயிருந்து வந்த ஒரு சின்னப் பெண் சேர்ந்தாள். அப்பா கட்டட வேலைக்கு வந்தவர். மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தால், வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நான், "வாங்கண்ணே, உட்காருங்க" என்றேன். வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சிமென்ட் தின்ற விரல், நகக்கண்ணெல்லாம் வெள்ளை. 'அ' போடச் சொன்னேன். விரலை மணலுக்கு மேலே பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நமக்கு அது கையோடு வந்த பழக்கம். மேலே சுழித்து, கீழே வளைத்து, வலப்பக்கம் இழுத்துக் கோடு போடுகிறோம், யோசிப்பதில்லை. அவருக்கு அது ஒரு சிக்கு விழுந்த நூல். அந்த ஆறு வயதுப் பெண் பக்கத்தில் நகர்ந்து, அப்பாவின் விரலைத் தன் சின்னக் கைக்குள் பிடித்து, மணலில் மெல்ல ஓட்டினாள். அவர் மகளுடைய முகத்தைப் பார்த்தார், மணலைப் பார்க்கவில்லை. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வந்துவிடுவார். மூன்று மாதத்தில் பேருந்துப் பலகையைப் படித்தார்.

சீகன்பால்குவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்தான் ஞாபகம் வருவார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இறையியல் படித்தவர், பாதிரியாராக அபிஷேகம் பெற்றவர், அங்கே பிரசங்க மேடையில் நின்று பேச வேண்டியவர். இங்கே ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து 'அ' எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறார். அவர் முதலில் மாணவர், அப்புறம்தான் போதகர். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்னும் ஒருமுறைகூடச் சொல்வேன்.

வாத்தியாருக்கு எழுத்தும் ஓசையும் சொல்லித்தரத் தெரியும். பொருளைச் சொல்ல அவருக்கு வேறு மொழி தெரியாது. அதற்கு அழகப்பன் என்றொருவர் கிடைத்தார். கம்பெனிக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக, இருந்தவர், ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்தவர். இவர்கள் இல்லையென்றால் சீகன்பால்கு இல்லை. எட்டு மாதத்தில் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார் என்று பெருமையாகச் சொல்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்தவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி அந்த ஒரு நாளுக்கு வருகிறேன். ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தம்முடைய நாள் எப்படிக் கழிகிறது என்று மணிக்கணக்கு போட்டு எழுதியிருக்கிறார். காலை ஜெபம் முடிந்து, ஆறு முதல் ஏழு வரை வந்தவர்களுக்குத் தமிழில் ஞானோபதேசம். ஏழு முதல் எட்டு வரை, முன்பு படித்த தமிழ்ச் சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ் நூல்கள் மட்டும். பக்கத்தில் பொருள் சொல்ல ஓர் ஆசிரியர், புதுச் சொற்களைக் குறித்துக்கொள்ள ஓர் எழுத்தர். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. சாப்பிடும்போதும் ஒருவர் வாசிக்க வேண்டும், இவர் கேட்பார். ஒன்று முதல் இரண்டு வரை ஓய்வு, அந்த நேரத்து வெக்கை தாங்க முடியவில்லை என்று எழுதுகிறார். இரண்டிலிருந்து மூன்று வரை வீட்டிலேயே கேள்வி பதிலாக ஒரு போதனை. மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடி தமிழ் நூல்கள். அப்புறம் ஜெபக்கூட்டம், அன்றைய நடப்பைப் பற்றித் தோழர்களோடு பேச்சு. இரவு ஏழு மணிக்கு மேல் ஓர் எழுத்தர் தமிழ் வாசிக்க, இவர் கேட்பார். விளக்கு வெளிச்சத்தில் அதிகம் படித்தால் கண் கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறார்.

வாய்விட்டுக் கூட்டிப் பாருங்கள். காலையில் ஐந்து மணி, மாலையில் இரண்டு மணி, இரவில் ஒரு மணி, சாப்பாட்டு நேரமும் உண்டு. போதித்த நேரம் இதில் பாதிகூட வராது. மதத்தைப் பரப்ப வந்தவர்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. நம் சமயங்களை எதிர்த்தும் எழுதியிருக்கிறார். ஆனால் நாளில் பெரும்பங்கு அவர் செய்தது கேட்பது. கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் ஏன் இவ்வளவு கேட்டார் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. அன்றைய நூலெல்லாம் ஓலை. ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். அன்றைக்குக் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளிதான் அடையாளம், அதுவும் இல்லாமல் போயிற்று. துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. 'பொது' என்று இருக்கிறதா, 'போது' என்று இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாது. பாட்டு மனப்பாடமாக உள்ள ஒருவர் ராகம் போட்டு வாசித்தால் காதுக்குத் தெரியும். தமிழ் அன்றைக்குப் பாதி ஓலையிலும் பாதி மனிதர் வாயிலும் இருந்தது. அதனால்தான் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மனிதக் குரல் வேண்டியிருந்தது.

ஓலைகளை எப்படிச் சேர்த்தார் தெரியுமா? தம் எழுத்தர்களைப் பல நாள் பயணமாக உள்நாட்டுப் பக்கம் அனுப்பி, புலவர்கள் இறந்த வீடுகளில் அவர்களுடைய மனைவிமாரிடம் கேட்டு விலைக்கு வாங்கிவரச் சொன்னார். 1708-இல் அவற்றுக்கு ஓர் அட்டவணை எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. திருக்குறளும் அதில் இருக்கிறது. அதே வருடம் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நம் பிள்ளைகள் திண்ணையில் கத்திக் கத்திப் படித்தவை. உலகநீதியின் முதல் அறிவுரையே ஒருநாளும் ஓதாமல் இருக்காதே என்பதுதான். அந்த அறிவுரையைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டிருப்பார், அப்படியே நடந்தும் காட்டினார்.

அந்த வருடக் கடைசியிலேயே சிறைக்கும் போனார். ஒரு விதவையின் பணத் தகராறில் அவள் பக்கம் நின்றதில் ஆளுநருக்குக் கோபம். ஏற்கெனவே இருந்த கசப்பும் சேர்ந்துகொண்டது. நவம்பர் முதல் மார்ச் வரை, நாலு மாதம், இன்று நாம் சுற்றிப் பார்க்கும் அதே கோட்டைக்குள். அரசருக்கு எழுதி நியாயம் கேட்கலாம். ஆனால் கப்பல் போய்ச் சேர ஏழெட்டு மாதம், பதில் வர இன்னொரு ஏழெட்டு மாதம். ஆத்திரத்தில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரும்போது ஆத்திரம் தணிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். 26 வயதில் அந்தத் தனிமையை எப்படித் தாங்கினார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கேட்டதன் பலனை அவர் எழுத்தில் பார்க்கலாம். இந்த மக்களைக் கல்வியும் ஒழுக்கமும் அறியாதவர்கள் என்று ஐரோப்பாவில் நினைக்கிறார்கள், இங்கே வந்தவர்கள் இவர்களுடைய மொழியை அறியாததுதான் அதற்குக் காரணம் என்று 1711-இல் எழுதுகிறார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி அச்சிட அனுப்பினார். ஹாலேயில் இருந்த அவருடைய குரு ஃபிராங்கே மறுத்துவிட்டார். அந்தச் சமயத்தை ஒழிக்கத்தானே உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்பவா என்பது அவருடைய நிலை. நூல் அச்சேறியது 1867-இல், நம் சென்னையில். 150 வருடத்துக்கு மேல் கட்டுக்குள் கிடந்தது. அனுப்பியவர்களுக்கும் தம்மைச் சுற்றி இருந்தவர்களுக்கும் நடுவில் அவர் தனியாக நின்ற இடம் அது. இதற்கே தனியாக ஒரு உரை வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். அச்சுக்கூடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். லண்டனிலிருந்து 1712-இல் அச்சு இயந்திரம் வந்தது, 1713-இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அந்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாரில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது. 1716-இல் அவருக்குத் திருமணம், மனைவி மரியா டோரத்தியா. 1718-இல் புதிய ஆலயம் கட்டி முடித்தார். 1719 பிப்ரவரி 23-இல் இறந்தார்.

அவருடைய நாளில் கடைசி மணி நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, அப்போதும் ஒருவர் வாசிப்பார். அது முடிந்ததும் வீட்டில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, அன்றைய பாடத்தைக் கேட்டு, அவர்களோடு பேசிக்கொண்டிருப்பாராம். அப்புறம்தான் படுக்கை. வணக்கம்.